எதிர்க்கரையை அழித்த கடல்

அன்றைக்கு அந்த போட்டோ ஸ்டூடியோவில் இருந்தவர்கள் நான்கே பேர். நான். என் மனைவி. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்த ஸ்டூடியோக்காரர். சுவரோரம் குந்தி பீடி குடித்துக்கொண்டிருந்த பெயிண்டர்; எங்களுக்குப் பின்னால் தொங்கிய திரையை எழுதியவர் அவர்தான். இவர்களைத் தவிர ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு குடையும் இருந்தன. அவற்றையும் ஆளாகச் சேர்க்க வேண்டும் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்வாள். நடந்த அத்தனைக்கும் காரணம் அவை இரண்டும்தான் என்பது அவள் கட்சி. நான் மறுப்பதில்லை.

அப்போது நாங்கள் அல்சூர் ஏரிக்கரையை ஒட்டிய ஜோகுபாளையத்தில் குடியிருந்தோம். எனக்கு கன்டோன்மென்ட் பக்கம் ஒரு தையல் கடையில் வேலை. துரைமார்களின் கோட்டுகளுக்குப் பொத்தான் தைப்பேன். நான் தைத்த பொத்தான் அறுந்து விழுந்ததாக யாரும் சொன்னதில்லை. விழுந்துவிடுமோ என்ற பயத்தில் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை தைப்பேன். பள்ளிக்கூடத்தை நான்காம் வகுப்போடு விட்டவன் நான். நாளைக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று வாத்தியார் சொன்ன அன்றே எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. காய்ச்சல் போன பிறகும் இன்ஸ்பெக்டர் போய்விட்டாரா என்பது நிச்சயமாகத் தெரியாததால் நான் திரும்பப் போகவில்லை. கல்யாணம் ஆகும்வரை நான் பார்த்த தூரதேசம் ஊரின் மறுகோடியில் இருக்கும் மல்லேஸ்வரம். அதற்கும் விடிவதற்கு முன்பே கிளம்பி, இருட்டுவதற்கு முன்பே வீடு திரும்பியவன்.

என் மாமனார் வேறு ஜாதி மனிதர், குணத்தைச் சொல்கிறேன். மெட்ராஸ் பட்டணத்து ஹார்பரில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு, கோலார் தங்கவயலுக்கு வந்து சுரங்கத்தில் சேர்ந்தவர். பகலெல்லாம் பூமிக்கு அடியில் இருப்பார். வெளியே வந்தால் கடலைப் பற்றித்தான் பேசுவார். என் மனைவி தங்கவயலில் பிறந்தவள். கடலைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் அலை எப்படி எழும், எப்படி மடியும், காலடியில் மணலை எப்படி இழுத்துக்கொண்டு போகும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். சின்ன வயதில் அவள் சாப்பிட அடம்பிடித்தால், "கடலுக்குக் கூட்டினு போறேன்" என்று சொல்லிச் சொல்லியே ஊட்டினாராம். அப்படி எத்தனையோ உருண்டை அவள் விழுங்கிவிட்டாள். கடல் மட்டும் வரவில்லை.

தலை தீபாவளிக்குத் தங்கவயலுக்குப் போயிருந்தபோது, எண்ணெய் தேய்த்துக் குளித்து, நான் புது வேட்டியோடு உட்கார்ந்திருக்கையில் மாமனார் கேட்டார்.

"மாப்ளே, மோதிரம் வேணுமா, கடல் வேணுமா?"

எனக்குப் புரியவில்லை.

"மோதிரம்னா செஞ்சி போட்டுடறேன். கடல்னா இருபத்தஞ்சி ரூபா கையில குடுத்துடறேன். ரெண்டு பேரும் மெட்ராசுக்குப் போயி நாலு நாள் இருந்து எல்லாத்தையும் பாத்துட்டு வாங்க. எது வேணும்?"

மோதிரம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். மோதிரம் எங்கும் போகாது, விரலிலேயே இருக்கும். ஆனால் சமையற்கட்டு வாசலில் அதிரசத் தட்டோடு நின்றிருந்த என் மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டேன். கல்யாணமாகி ஏழு மாதத்தில் அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை. அப்போதும் கேட்கவில்லை. தட்டை மட்டும் சாய்த்துப் பிடித்திருந்தாள். அதிரசம் ஒவ்வொன்றாகச் சரிந்துகொண்டிருந்தது.

"கடல் மாமா" என்றேன்.

என் வாழ்க்கையில் நான் துணிந்து சொன்ன சொல் அது ஒன்றுதான். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அந்தத் துணிச்சலை ஈடுகட்ட நான் பட்ட பாடு.

எங்கள் கடையில் கட்டிங் மாஸ்டர் பட்டணத்துக்காரர். அங்கே என்னென்ன பார்க்க வேண்டும் என்று அவரிடம் கேட்டேன். அவர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். செண்ட்ரல் ஸ்டேஷன், மூர் மார்க்கெட், உயிர் காலேஜ், செத்த காலேஜ், லைட் ஹவுஸ், கடற்கரை. மிருகங்களை உயிரோடு கூண்டில் வைத்திருக்கும் தோட்டத்துக்கு உயிர் காலேஜ் என்று பட்டணத்தில் பெயர். செத்துப்போனவற்றைப் பாடம் பண்ணி வைத்திருக்கும் மியூசியம் செத்த காலேஜ். இதைச் சொல்லிவிட்டு அவர் என் முகத்தைப் பார்த்தார். என் சுபாவம் அவருக்குத் தெரியும்.

"செண்ட்ரல்ல எறங்கினதும் மொதல்ல மடியப் பிடிச்சுக்கப்பா. உன் மடிதான், அடுத்தவன் மடி இல்ல. அங்க ஜேப்படிக்காரன் கை பட்டா ஈ ஒக்காந்த மாதிரிகூடத் தெரியாது. உயிர் காலேஜ்ல புலிக்கூண்டு கம்பி ஒண்ணு ஆடுது. போன தடவையே நான் சொல்லிட்டு வந்தேன், சரி பண்ணாங்களோ என்னவோ. கடற்கரையில நில்லு, தப்பில்ல. கணுக்கால் நனைஞ்சா மட்டும் ஓடிடு. மூணாவது அலை எப்பவும் பெருசு."

"எதுலேர்ந்து மூணாவது?" என்று கேட்டேன்.

"அத யாருப்பா எண்ணினாங்க?" என்று சொல்லிவிட்டு அவர் கத்தரியை எடுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து ஏற்பாடுகளைத் தொடங்கினேன். ஜேப்படிக்குப் பயந்து இரும்பு டிரங்குப் பெட்டி ஒன்று வாங்கினேன். பெட்டியோடு வந்த பூட்டின்மேல் நம்பிக்கை வராமல் இன்னொரு பூட்டு வாங்கினேன். பெட்டியையே தூக்கிக்கொண்டு போய்விட்டால்? அதை ரயில் பெஞ்சோடு கட்ட ஒரு சங்கிலி வாங்கினேன். பட்டணத்து வெயிலுக்கு ஒரு குடை. பட்டணத்துக் கொசுவுக்கு க்வினைன். பட்டணத்துத் தண்ணீருக்கு, வாந்தி பேதிக்கான மருந்து இரண்டு புட்டி, ஒன்று உடைந்தால் இன்னொன்று. இருட்டுக்கு ஒரு டார்ச் லைட். நான் கொண்டுவந்த ஒவ்வொன்றையும் அவள் வாங்கி அடுக்கி வைத்தாள். சங்கிலி வந்த அன்று மட்டும் கேட்டாள்.

"இது பொட்டிக்கா, எனக்கா?"

கார்த்திகை கழிவதற்குள் எல்லாம் தயாராகிவிட்டது. ரயில் சார்ஜ் எவ்வளவு என்று விசாரிக்கப் போன அன்றுதான் மிச்சப் பணத்தை எண்ணிப் பார்த்தேன். மூன்று ரூபாயும் சில்லறையும் இருந்தது. ஒரு ஆள் போவதற்கே சரியாக வராது. திரும்பி வருவது இன்னொரு கதை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"அப்போ இந்தப் பொட்டியப் பூட்டி, சங்கிலி போட்டு, கொடய விரிச்சி, இங்கேயே ஒக்காந்துக்கலாம். பத்திரமா இருப்போம்" என்றாள்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அன்று ராத்திரி சாதத்தில் கல் இருந்தது. அவள் புடைத்த அரிசியில் அதற்கு முன்பு கல் இருந்ததே இல்லை.

மார்கழியில் மாமனாரிடமிருந்து கார்டு வந்தது. கடல் பார்த்தாயிற்றா, பிள்ளை என்ன சொன்னாள், போட்டோ ஏதாவது எடுத்துக்கொண்டீர்களா, பொங்கலுக்கு நேரில் வந்து பார்க்கிறேன் என்று எழுதியிருந்தார். பார்க்கவில்லை, காசைப் பெட்டியும் பூட்டுமாக ஆக்கிவிட்டேன் என்று எழுதினால் என்ன நினைப்பார்? மோதிரம் கேட்டிருந்தால் விரலில் காட்டியிருக்கலாம். கடல் கேட்டவன் கடலைக் காட்ட வேண்டுமே.

அந்த வாரத்தில்தான், ஒரு கோட்டை டெலிவரி கொடுக்கப் போன வழியில், ஸ்டூடியோ வாசலில் அந்தத் திரையைக் காயப் போட்டிருந்ததைப் பார்த்தேன். எங்கள் பக்கத்து ஸ்டூடியோக்களில் தாஜ்மகால் திரை இருக்கும்; மாடிப்படித் திரை இருக்கும்; பூந்தோட்டம், தூணும் திரைச்சீலையும் இருக்கும். இது புதுசு. நீலமாகத் தண்ணீர், பின்னால் பாதி சூரியன், ஓரத்தில் மணலில் நட்டு வைத்ததுபோல் ஒரு லைட் ஹவுஸ். கீழே வெள்ளையில் 'மெட்ராஸ்' என்று எழுதியிருந்தது. சாமி நேரில் வந்து வழி காட்டியதாகவே அன்று எனக்குத் தோன்றியது.

அந்தத் திரைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம் என்று மனைவியிடம் சொன்னேன். "வரேன். ஆனா ஒண்ணு. எங்கப்பா கேட்டா என் வாயால பொய் சொல்ல மாட்டேன். 'அவரக் கேளுங்க'ன்னு மட்டும் சொல்வேன்."

"அது போதும்" என்றேன். அது எத்தனை பெரிய ஆபத்து என்று எல்லாவற்றுக்கும் பயப்படும் எனக்கு ஏனோ அன்று உறைக்கவில்லை.

ஸ்டூடியோவில் திரையைக் கிட்டத்தில் பார்த்ததும் ஒரு சங்கடம் தெரிந்தது. கடலின் இடது கோடியில் அல்லி இலைகள் மிதந்தன. ஒரு மொட்டுகூட இருந்தது.

"கடல்ல அல்லி பூக்குமா?" என்று என் மனைவி பெயிண்டரைக் கேட்டாள்.

அடுகோடிப் பேட்டைக்காரரான அந்தப் பெயிண்டர் பீடியை வாயிலிருந்து எடுக்காமலேயே பதில் சொன்னார். "ஓரத்துல சொல்ப பூக்கும்மா, கொஞ்சூண்டு."

"நீங்க கடலப் பாத்திருக்கீங்களா?"

"நான் எதுக்கும்மா பாக்கணும்? தாஜ்மகாலையும்தான் பாத்ததில்ல. அல்சூர் ஏரிக்கரையில ஒக்காந்து ஏரிய எழுதினேன். அப்பறம் எதிர்க்கரைய அழிச்சேன். எதிர்க்கரை இல்லாட்டி எல்லா ஏரியும் கடல்தான்."

"அப்ப இலையையும் அழிச்சிருக்கலாமே."

"நக்கோம்மா, வேணாம். அந்தப் பச்சை நல்லா வந்துட்டது. அழிக்க மனசு வரல."

கடைசியில் ஸ்டூடியோக்காரர்தான் வழி சொன்னார். நான் கையோடு கொண்டு போயிருந்த டிரங்குப் பெட்டியை அல்லி இலைக்கு முன்னால் வைத்து மறைத்தார். அதை எதற்குக் கொண்டு போனேன் என்றால், வீட்டில் யாரும் இல்லாதபோது அதை விட்டுவிட்டு வர மனம் வரவில்லை. பெட்டிமேல் ஒரு கை வைத்து நான் நின்றேன். பக்கத்தில் அவள், குடையோடு.

"ஊர்லேர்ந்து அப்பத்தான் எறங்கின மாதிரி இருக்கு, ரொம்ப நல்லது" என்றார் ஸ்டூடியோக்காரர். "சங்கிலிய மட்டும் உள்ள தள்ளுங்க தம்பி. மாடு கட்டற எடம் மாதிரி தெரியுது."

அவர் கறுப்புத் துணிக்குள் போனார். என் மனைவி மெல்ல மூச்சை இழுத்தாள். திரையில் எண்ணெய்ச் சாயத்தின் நெடி இன்னும் போகவில்லை.

"கடல் எப்படி மணக்கும்னு எங்கப்பா சொல்லியிருக்காரு" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படியாக. "இப்படி இல்ல."

நான் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். "அசையக் கூடாது!" என்று துணிக்குள்ளிருந்து குரல் வந்தது. நான் அசையவில்லை. அவள் அந்த நேரத்தில் தலையைத் திருப்பித் திரையைப் பார்த்துவிட்டாள்.

ஸ்டூடியோக்காரர் வெளியே வந்து தலையில் கை வைத்துக்கொண்டார். இன்னொரு பிளேட் வீணாக்க அவர் தயாரில்லை. என்னிடமும் அதற்குக் காசு இல்லை. நாலாம் நாள் பிரிண்டு கைக்கு வந்தது. அதில் நான் கேமராவைப் பார்த்து, தூக்குத் தண்டனை கேட்டவன்போல நிற்கிறேன். அவளுக்குக் கொண்டையும் ஒரு கன்னமும் மட்டும்தான் தெரிந்தன.

கொடுக்கும்போது ஸ்டூடியோக்காரர் ஒரு புத்தி சொன்னார். "தம்பி, பின்னால ஒண்ணும் எழுதாதீங்க. படத்த மாட்டுங்க, சும்மா இருங்க."

நான் சும்மா இருக்கிறவனா? வீட்டுக்கு வந்து படத்தைப் பார்க்கப் பார்க்கக் கவலை ஏறியது. கறுப்பு வெள்ளையில் எல்லாம் ஒரே சாம்பலாக இருந்தது. இது பட்டணம்தான் என்பதற்கு என்ன சாட்சி? திரையில் எழுதியிருந்த 'மெட்ராஸ்'கூட என் வேட்டிக்குப் பின்னால் போய்விட்டது. யாராவது அல்சூர் ஏரி என்று சொல்லிவிட்டால்? சாட்சி பலமாக இருக்கட்டும் என்று பேனாவை எடுத்து, என் கையெழுத்திலேயே நல்லதாக, பின்பக்கம் எழுதினேன்: 'சென்னைக் கடற்கரை. மாலை ஆறு மணி. சூரியன் கடலில் இறங்கும் சமயம்.'

எங்கள் கரையிலிருந்து பார்த்தால் சூரியன் அல்சூர் ஏரிக்கு அப்பால்தான் இறங்கும். பிறந்ததிலிருந்து அதைத்தான் பார்த்திருக்கிறேன். பெயிண்டரும் அந்தக் கரையில் உட்கார்ந்துதான் எழுதினார். தண்ணீர் என்று ஒன்று இருந்தால் சாயங்காலம் சூரியன் அதில் இறங்க வேண்டியதுதானே? அது வேறு மாதிரியும் நடக்கும் என்று எனக்குச் சொல்ல நான்காம் வகுப்புக்கு நேரம் கிடைக்கவில்லை.

பொங்கலுக்கு முதல் நாள் மாமனார் வந்தார். கை கால் கழுவினார், காபி குடித்தார், சுவரில் தொங்கிய படத்தின் முன்னால் போய் நின்றார். நான் மூலையில் கிடந்த பாயைச் சுருட்டினேன். பிறகு விரித்தேன்.

"பொட்டி நல்ல பொட்டியா இருக்குது மாப்ளே."

"ஆமா மாமா."

"செத்த காலேஜ் போனீங்களா?"

"இல்ல மாமா. இவளுக்குத் தலைவலி."

அவர் மகள் பக்கம் திரும்பினார். "அவரக் கேளுங்கப்பா" என்றாள் அவள், தேங்காய் துருவிக்கொண்டே.

"லைட் ஹவுஸ் பாத்தீங்களா?"

"பாத்தோம் மாமா. மணல்ல நிக்குது. படத்துலகூட இருக்கு, பாருங்க."

"மணல்லயா?" மாமனார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "நான் ஹார்பர்ல இருந்தவரைக்கும் அந்த வெளக்கு ஐகோர்ட்டு உச்சியில கும்பத்துமேல இல்ல இருந்துச்சி? எப்போ எறக்கினாங்க?"

"தெரியல மாமா. நாங்க போனப்ப எறங்கியிருந்துச்சி."

தேங்காய் துருவும் சத்தம் நின்றுவிட்டது. மாமனார் ஆணியிலிருந்து படத்தைக் கழற்றினார். திருப்பினார். நான் எழுதியதை எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தார். ஒரு முறை படித்துவிட்டு, இன்னொரு முறையும் படித்தார்.

"சாயங்காலம் ஆறு மணியா?"

"ஆமா மாமா."

"சூரியன் கடல்ல எறங்குச்சா?"

"எறங்குச்சி மாமா. ரொம்ப நல்லா எறங்குச்சி."

"மாப்ளே, நான் பன்னெண்டு வருஷம் அந்தக் கடல் ஓரத்துல இருந்தேன். ஒரு நாள்கூட எனக்கு எறங்கினதில்ல. அங்க காலையில கடல்லேர்ந்து வரும், சாயங்காலம் ஊருப் பக்கமா போயிடும். உங்களுக்கு மட்டும் எப்படி எறங்குச்சி? சங்கிலி போட்டு இழுத்தீங்களா?"

அடுக்களையில் என் மனைவி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்துவிட்டேன். பிறகு சத்தம் வெளியே வந்தது. அப்படி ஒரு சிரிப்பை நான் அந்த வீட்டில் அதுவரை கேட்டதில்லை. அதோடு என் கட்சி தோற்றது. பெட்டி, பூட்டு, இரண்டாம் பூட்டு, சங்கிலி, குடை, மருந்து, டார்ச் லைட் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டேன். சாட்சிக்கு எடுத்தும் காட்டினேன். மருந்துப் புட்டி இரண்டும் உடையாமல் இருந்தன.

மாமனார் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் படத்தை மறுபடி முன்பக்கம் திருப்பி, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டு போனார்.

"இவ மொகம் ஏன் அந்தப் பக்கம் திரும்பியிருக்குது?" என்று கேட்டார்.

இதற்கு என் மனைவியே பதில் சொன்னாள். "சும்மா பாத்தேன்பா. நீங்க சொன்ன மாதிரி இருக்குதான்னு."

அவர் படத்தைத் திரும்ப ஆணியில் மாட்டினார். பிறகு, "மாட்டுப் பொங்கல் முடிஞ்ச மறுநாள் மெயில்ல கெளம்பறோம். நான், நீ. மாப்ள வந்தா மாப்ளயும்" என்றார்.

கடையில் லீவு கிடைக்காது என்றேன்.

"கேட்டீங்களா?" என்றாள் மனைவி.

"கேட்டா குடுக்க மாட்டாரு."

"கேட்டீங்களா?"

நான் கேட்கவில்லை. கேட்டு, அவர் கொடுத்துவிட்டால் என்ன செய்வது?

கன்டோன்மென்ட் ஸ்டேஷனுக்கு வழியனுப்பப் போனேன். பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு போனேன். அவள் வேண்டாம் என்றுவிட்டாள். ஒரு துணிப்பை போதுமாம். குடையை நீட்டினேன், அதுவும் வேண்டாமாம். ரயில் நகரும்போது, "மூணாவது அலை பெருசு!" என்று கத்தினேன். ஜன்னலில் அவள் கை ஆடியது. வண்டியில் இருந்த வேறு சிலரும் எனக்குக் கை காட்டினார்கள். திரும்பி வரும்போது பெட்டி காலியாக இருந்தும் கனத்தது.

ஐந்து நாள். அந்த ஐந்து நாளும் நான் தைத்த பொத்தான்களை மூன்று மூன்று தடவை தைத்தேன். அலையைப் பற்றிச் சொன்னது விளையாட்டுக்குத்தான் என்று நாலாம் நாள் கட்டிங் மாஸ்டரே மனம் இரங்கி ஒப்புக்கொண்டார். புலிக்கூண்டுக் கம்பியைப் பற்றி மட்டும் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

அவள் வந்தாள். முகம் கறுத்து, மூக்குத் தோல் உரிந்து, புடவை மடிப்பில் மணலோடு வந்தாள். குடை இருந்திருந்தால் கறுத்திருக்க மாட்டாய் என்று சொல்ல வாயெடுத்தவன், அவள் கண்ணைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். அன்று சாப்பிட உட்கார்ந்ததிலிருந்து அவள் பேசி முடிக்கவே இல்லை. பட்டணத்தில் பார்த்த ஒவ்வொரு இடத்தையும், நான் வந்திருந்தால் அங்கே எனக்கு என்ன ஆகியிருக்கும் என்பதையும் சேர்த்தே சொன்னாள்.

"செண்ட்ரல் ஸ்டேஷன்ல எறங்கினதும் நீங்க அடுத்த வண்டியில திரும்பியிருப்பீங்க. அவ்ளோ கூட்டம். மூர் மார்க்கெட்ல வெலை கேட்டுட்டு வாங்காம நடந்தா, கடைக்காரன் பின்னாலயே வரான். நீங்க பயந்து எல்லாத்தையும் வாங்கியிருப்பீங்க. இன்னும் நாலு பூட்டு வந்திருக்கும்."

"புலி?"

"தூங்கிட்டிருந்துச்சி. கம்பி ஒண்ணும் ஆடல. நான் ஆட்டிப் பாத்தேன்."

நான் கையிலிருந்த கவளத்தை இலையிலேயே வைத்துவிட்டேன்.

"செத்த காலேஜ்ல ஒரு மீன் எலும்பு தொங்குது. நம்ம தெருவுல வெச்சா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் வரும். அதுக்கு அடியில நடக்கணும். நீங்க வெளியவே நின்னு, 'கயிறு கெட்டியா இருக்கா'ன்னு கேட்டிருப்பீங்க. லைட் ஹவுஸ் எங்கப்பா சொன்ன எடத்துலதான் இருக்கு, கோர்ட்டு தலைமேல. பெயிண்டர் கிட்ட சொல்லணும்."

"கடல்?"

அவள் இலையை மடித்தாள். விடியற்காலையில் அப்பாவோடு போனாளாம். இருட்டாக இருந்ததாம், சத்தம் மட்டும் வந்ததாம். பிறகு சூரியன் தண்ணீரிலிருந்து ஏறியதாம். அப்பா தள்ளி மணலில் உட்கார்ந்துகொண்டாராம். இத்தனை வருஷம் கடலைப் பற்றி ஓயாமல் பேசியவர், அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லையாம்.

"எதிர்க்கரை உண்மையிலேயே இல்லீங்க" என்றாள். "எவ்ளோ நேரம் பாத்தாலும் இல்ல."

பிறகு துணிப்பையிலிருந்து ஒரு புட்டியை எடுத்து என் முன்னால் வைத்தாள். எனக்காகக் கொண்டுவந்த கடல் தண்ணீர். என் கை பின்னால் போனதைப் பார்த்துவிட்டாள்.

"பயப்படாதீங்க. மூடி இறுக்கமாத்தான் இருக்கு. மூணாவது அலையில எடுத்தது."

அந்தப் புட்டி இன்னும் எங்கள் வீட்டு மாடத்தில், அந்தப் படத்துக்குக் கீழே இருக்கிறது. அடியில் கொஞ்சம் மணல் தங்கியிருக்கிறது. பேரிடி இடிக்கும் நாளில் அதைத் தரையில் இறக்கி வைப்பேன், விழுந்துவிடக் கூடாதே என்று.

அந்தத் தடவை மகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பும்போது மாமனார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மாப்ளே, இருபத்தஞ்சி ரூபா கடல் பாக்கக் குடுத்தது. பொட்டிக்குக் குடுத்ததில்ல. அது கடனாத்தான் நிக்குது. மாசம் எட்டணா குடுத்துட்டு வாங்க. என்னிக்கி நீங்க கடலுக்கு முன்னாடி போயி நிக்கறீங்களோ, அன்னிக்கி மிச்சம் தள்ளுபடி" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார். நானும் சிரிக்காமல் மாதம் தவறாமல் மணியார்டர் அனுப்பினேன். பதினைந்து மாதம் அனுப்பிய பிறகு அவர் காலமானார். அவர் டிரங்குப் பெட்டியில் என் மணியார்டர் கூப்பன்கள் கட்டாக இருந்தன. அதன்மேல், எனக்குத் தெரியாமல் ஸ்டூடியோக்காரரிடம் அவரே வாங்கிக்கொண்டு போன அந்தப் படத்தின் இன்னொரு பிரிண்டு இருந்தது.

அந்தக் கடனை வசூலிக்கும் பாத்தியதை இப்போது அவர் மகளுக்கு, அதாவது என் மனைவிக்கு, வந்துவிட்டது. அவள் மாதத் தவணையை நிறுத்திவிட்டாள். காசாக வேண்டாமாம். "ரெண்டு டிக்கெட்டு வாங்குங்க, அது போதும்" என்கிறாள். யுத்த சமயத்தில் குண்டு விழும் என்று பயந்து பட்டணத்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு கிளம்பி, எங்கள் தெருவுக்கே ஒரு குடும்பம் வந்து இறங்கியபோது, "பாத்தியா? நான் அப்பவே சொல்லலையா?" என்றேன். "அவங்க கடல் ஓரத்துல மூணு தலைமுறை இருந்துட்டு வந்தவங்க. நீங்க ஒரு நாள் போயிட்டு வாங்க, அப்பறம் சொல்லுங்க" என்றாள். யுத்தம் முடிந்துவிட்டது. காரணம் சொல்ல எனக்கு வேறொன்றும் மிச்சமில்லை. போன வாரம் ஸ்டேஷனுக்குப் போய் ரயில் சார்ஜ் விசாரித்துவிட்டு வந்தேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. சங்கிலிக்கு எண்ணெய் மட்டும் போட்டு வைத்திருக்கிறேன். கடலுக்கு முன்னால் போய் நிற்கும்வரை, கணக்குப்படி நான் தர வேண்டிய பாக்கி பதினேழு ரூபாய் எட்டணா.